மறுநாள் காலை பாஸ்டனில்

குமரகுரு சார் போர்டில் 1773 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டார், இரண்டு கோடு போட்டால் பரீட்சைக்கு வரும் என்று அர்த்தம், எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் எழுதினேன், ஆனால் கை 1773 எழுதும்போது தலைக்குள் அம்மா எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் குடையை உதறிக்கொண்டு நிற்கிறாள். இந்நேரம் உள்ளே கூப்பிட்டிருப்பார்களா. கூப்பிட்டிருக்க மாட்டார்கள், அந்த ஆபீஸில் யாரையும் சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டதாகச் சரித்திரமே கிடையாது. போன் என் தொடைக்கு அடியில் இருக்கிறது, அடித்தால் பெஞ்சே நடுங்கும், பக்கத்தில் நிரோஷா இருக்கிறாள், அவளும் நடுங்கட்டும். காலையில் நானும் கூட வருகிறேன் என்றேன். "நீ வந்து என்ன பண்ணப் போற, எனக்குக் குடை பிடிக்கவா? போய்ப் படி" என்றாள் அம்மா. "மன்னிப்பு கேட்டுருவ இல்ல?" என்றேன். அடுப்பை ஊதுகிறவள் மாதிரி அந்தப் பக்கம் குனிந்துகொண்டாள். எங்கள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு, அதில் ஊத ஒன்றுமில்லை. மன்னிப்பு கேட்டால் அம்மாவுக்கு வேலை இருக்கும். கேட்காவிட்டால் வேலை போகும், வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும், வீடு போனால் வால்பாறையில் எங்களுக்கு நிற்க இடமில்லை, மலை இறங்கித் திருப்பூருக்குப் போக வேண்டியதுதான், அங்கே அப்பா பனியன் கம்பெனி ஆட்கள் நாலு பேரோடு ஒரே ரூமில் கிடக்கிறார், நானும் அம்மாவும் போனால் வேறு ரூம் பார்க்க வேண்டும், ரூம் பார்த்தால் நானும் பனியனில் பிசிறு வெட்டப் போக வேண்டும், அத்தோடு இந்த பெஞ்ச், இந்தப் போர்டு, 1773 எல்லாம் முடிந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, நிரோஷாவிடம்கூட. சொன்னால் பாவம் என்பாள். எனக்குப் பாவம் வேண்டாம், போன் அடித்தால் போதும்.

"இங்கிலாந்து வரி போட்டது, கமா, குடியேற்ற மக்கள் எதிர்த்தனர், புள்ளி" என்று சார் சொல்லிக்கொண்டே போகிறார். கமா புள்ளியெல்லாம் சேர்த்துச் சொல்வார், டேனியல் ஒருமுறை "கமா" என்றே எழுதிவிட்டான். சார் தினமும் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வருகிறார், மலைப்பாதையின் நாற்பது வளைவும் அவர் வயிற்றுக்குள்தான் சுற்றும்போல, முதல் பீரியட் முழுக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே அமெரிக்காவைக் கண்டுபிடிப்பார். எனக்கு அமெரிக்க வரலாறு பிடிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பிகாம் கேட்டேன், இடமில்லை என்று வரலாற்றில் தள்ளினார்கள், இதில் எனக்கு என்ன இருக்கிறது, செத்தவர்களின் பெயரும் வருஷமும், அதுவும் யாரோ வெள்ளைக்காரர்கள். ஆனால் கப்பலில் வந்தவர்கள் என்றதும் கப்பலில் எங்கே வெளிக்குப் போனார்கள் என்று எனக்குத் தோன்றியது, அதை சாரிடம் கேட்கவும் செய்தேன், கிளாஸே சிரித்தது, சார் மட்டும் சிரிக்காமல் "தெரியலையேம்மா, பாத்துச் சொல்றேன்" என்றார், இன்னும் சொல்லவில்லை. இன்றைக்குத் தேயிலை. பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல் நிறையத் தேயிலை வந்து நின்றதாம், அதற்கு வரி கட்ட மாட்டோம் என்று ஆட்கள் ராத்திரியில் கப்பலில் ஏறி முந்நூற்று நாற்பத்திரண்டு பெட்டியைக் கடலில் கொட்டினார்களாம். சார் இதைச் சொன்னதும் கிளாஸே தலையைத் தூக்கியது. இருக்கிற முப்பது பேரில் இருபத்தைந்து பேர் எஸ்டேட் பிள்ளைகள், கொட்டினார்கள் என்றால் எங்களுக்கு அது வெறும் வினைச்சொல் இல்லை. டேனியல்தான் முதலில் எழுந்தான். "சார், கொட்டுனது பச்சக் கொழுந்தா, தூளா?" "தேயிலப்பா, டீ." "அதான் சார், கொழுந்தா தூளா? கொழுந்துன்னா மெதக்கும், தூளுன்னா கரஞ்சிரும்." "தூளு எங்கடா கரையும், ஊறும்" என்றாள் நிரோஷா, அவள் அப்பா ஃபேக்டரியில் இருக்கிறார். "அப்ப கடல் பூரா டீயா?" "உப்பு டீ." "மீனுக்கெல்லாம் அன்னிக்கு ராத்திரி தூக்கமே வந்திருக்காது சார்." சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பெட்டின்னு போட்டிருக்கு, அப்ப தூளாத்தான் இருக்கணும். என்னையத் தேங்காயப் பத்திக் கேளுங்க, சொல்றேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எனக்குப் பச்சைக் கொழுந்துதான் தெரிந்தது, மழையில் பளபளவென்று, சாக்கு வாயிலிருந்து சரிந்து, ஓடைத் தண்ணீர்மேல் விழுந்து, ஒரு நிமிஷம் அங்கேயே நின்று, பிறகு மொத்தமாக நகர்ந்து போனது.

அது போன சனிக்கிழமை, எனக்குக் காலேஜ் இல்லை, அம்மாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். மழை பெய்தால் கொழுந்தில் தண்ணீர் இருக்கும், எடை போடுகிறபோது தண்ணீருக்கென்று கொஞ்சம் கழிப்பார்கள், அது எப்போதும் உள்ளதுதான், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எவ்வளவு கழிப்பது என்பது சூப்பர்வைசர் தங்கப்பனின் வாயில் இருக்கிறது. அவர் மூஞ்சி நன்றாக இருக்கிற அன்றைக்குக் கொஞ்சம் கழிப்பார், இல்லாத அன்றைக்கு நிறைய. அம்மா காலையிலிருந்து அட்டைக் கடியில் கால் முழுக்க ரத்தமாக, மார்பில் கட்டின பிளாஸ்டிக் தாள் கிழிந்து, சாக்கைச் சுமந்துகொண்டு வந்து தராசில் வைத்தாள். தங்கப்பன் ஊசியைப் பார்க்கவே இல்லை, அம்மாவைப் பார்த்தார். "என்ன எஸ்தரு, கொழுந்து பறிக்கச் சொன்னா மழையப் பறிச்சிட்டு வந்திருக்க?" வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள், அவர் சொன்னால் சிரிப்பதுதான் வழக்கம், சிரித்தால் அவர்களுக்குக் குறைவாகக் கழிப்பார். அம்மாகூடச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். அதை இப்போதும் யோசிக்கிறேன், சிரித்தாளா, சிரித்துக்கொண்டேதான் செய்தாளா. "மழைன்னா ஆத்துலதான சார் போகணும்" என்றாள், தராசிலிருந்து சாக்கைத் தூக்கினாள், எடை போடுகிற ஷெட்டுக்குப் பின்னால் ஓடை, நாலு அடிதான், போய்த் தலைகீழாகக் கவிழ்த்தாள். கவிழ்த்துவிட்டுச் சாக்கை உதறினாள், அந்த உதறல்தான் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது, படார் என்று. பிறகு சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து "சோறு கொண்டாந்தியா?" என்றாள். அன்று முழுக்கப் பறித்தது அது.

என் பேனா நின்றுவிட்டது. நிரோஷா முழங்கையால் இடித்து "எழுதுடி" என்கிறாள். சார் அடுத்த வரி சொல்கிறார், "வணிகர்களும் கைவினைஞர்களும் கலந்துகொண்டனர்", இதில் ஏதோ இடறுகிறது, மறுபடி படித்துப் பார்க்கிறேன், வணிகர்களும் கைவினைஞர்களும். அப்படியென்றால் பறித்தவர்கள் எங்கே. இத்தனை நேரம் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால், பாஸ்டனில் ஏதோ எஸ்டேட் இருக்கிறது, அங்கே பறித்தவர்கள்தான் கொட்டினார்கள் என்று. அங்கே எஸ்டேட்டே கிடையாது. டெஸ்குக்கு அடியில் போனை இழுத்துத் தேடினேன், அது சீனாவில் பறித்த தேயிலையாம். பறித்தது ஒரு தேசம், கப்பல் ஒரு தேசம், கொட்டினது குடிக்கிறவர்கள். குடிக்கிறவன் கொட்டினான் என்றால் அது வேறு, கடைக்காரன் வைத்த டம்ளரைத் தட்டிவிடுகிற மாதிரி, கோபம்தான், நியாயமான கோபமாகக்கூட இருக்கும், ஆனால் அவன் கால் அட்டை கடித்த கால் இல்லை. சீனாவில் அதைப் பறித்தவளுக்குத் தன் கொழுந்து கடைசியில் எங்கே போய் விழுந்தது என்று தெரிந்திருக்குமா. யாராவது போய்ச் சொல்லியிருப்பார்களா, அக்கா, நீ பறிச்சதால ஒரு புது நாடே வந்திருக்கு என்று. அவளுக்கும் மழைக்குக் கழித்திருப்பார்களா. அம்மா கொட்டினது அம்மாவே பறித்தது. இது எந்த வகையில் சேரும், இதற்கு ஒரு பெயர் இருக்கிறதா, இது புரட்சியா, கிறுக்குத்தனமா, அவர்களுடையதைவிடப் பெரியதா, இல்லை ரொம்ப முட்டாள்தனமா. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அம்மாவிடம் கேட்டால் "போடி, வேல இல்ல உனக்கு" என்பாள்.

பஞ்சு மாதிரி மூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது, கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு இனிப் போர்டு தெரியாது. போனில் இன்னும் கொஞ்சம் படித்தேன், நல்ல நல்ல விஷயமெல்லாம் சார் சொல்லாததில்தான் இருக்கிறது. அன்றைக்குக் கடலில் தண்ணீர் வற்றின நேரமாம், கொட்டினது போகவே இல்லையாம், கப்பல் பக்கத்திலேயே மலை மாதிரிக் குவிந்துவிட்டதாம், ஆட்கள் இறங்கி அதைத் தள்ளிவிட வேண்டியதாயிற்றாம். ஒரு பூட்டு உடைந்ததாம், அதற்குப் பதிலாகப் புதுப் பூட்டு கொடுத்துவிட்டார்களாம். கப்பல் நிறையத் தேயிலையைக் கொட்டிவிட்டுப் பூட்டுக்கு மட்டும் நியாயம் பார்க்கிறவர்களை எனக்குப் பிடித்துவிட்டது, அம்மாவும் சாக்கை எஸ்டேட் சொத்து என்று மடித்துக் கொண்டுவந்துதானே வைத்தாள். மூஞ்சியில் கரி பூசி, செவ்விந்தியர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு போனார்களாம், அடையாளம் தெரியாமல் இருக்க. ரொம்ப வருஷத்துக்கு யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லையாம். அம்மா என்ன வேஷம் போட்டாள், தலையில் கட்டின துண்டு, எல்லாப் பெண்களும் கட்டியிருப்பது. வரிசையில் நின்றவர்கள் அவ்வளவு பேரும் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை யூனியன்காரர் வந்து "என்கொயரில சாட்சி கேப்பாங்க, யாராச்சும் பாக்கலன்னு சொல்லுங்களேன்" என்றபோது, பக்கத்து வீட்டு ராக்கம்மா அத்தை, அம்மாவுக்கு எப்போதும் குழம்பு கொடுப்பவள், "மூட்டமா இருந்துச்சு, எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள், உடனே இன்னொருத்தி "எனக்கும் மூட்டம்", "எனக்குந்தான்", கடைசியில் அன்றைக்கு எல்லார் கண்ணிலும் மூட்டம், அம்மா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் "எனக்கு மூட்டம் இல்ல, நான் நல்லாப் பாத்துதான் கொட்டுனேன்" என்று கெடுத்துவிட்டாள். யூனியன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எக்கா, நீ வாயத் தொறக்காம இருந்தாலே பாதி ஜெயிச்சிரலாம்." "தொறக்காம எப்படிண்ணே சாப்பிடறது?" அவளோடு இதுதான் கஷ்டம். எனக்கும் அதே வாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் எனக்கு வீடு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அந்த லைன் வீடு வேண்டும், சுவரில் பாசி பிடித்த, கரடி வந்தால் பின்கதவைக் கட்டில் வைத்து அடைக்க வேண்டிய அந்த வீடு. ஒரு வார்த்தை, மன்னிச்சுருங்க சார், அதில் என்ன தேய்ந்துபோகிறது. நான் பரீட்சையில் காப்பி அடித்து மாட்டினபோது பத்துத் தடவை சொன்னேன், நாக்கு அப்படியேதான் இருக்கிறது.

"பிளெஸ்ஸி, என்ன அங்க கீழ பாத்துக்கிட்டு?" சார் என்னைத்தான் கேட்கிறார். போனை பெஞ்சில் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன், எழுந்தால் ஏதாவது கேட்டுவிடுவது என் வியாதி. "சார், மறுநாள் என்ன ஆச்சு?" "எந்த மறுநாள்?" "கொட்டின மறுநாள் சார்." "அதுக்குத்தான் வரேன், 1774ல இங்கிலாந்து கடுமையான சட்டங்கள் போட்டது." "அது மறுவருஷம் சார். நான் கேக்கறது மறுநாள். காலையில எந்திரிச்சு வேலைக்குப் போனாங்களா?" கிளாஸ் சிரித்தது, "பல் வெளக்கினாங்களா சார்" என்றான் டேனியல். சார் கையில் இருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அது இந்த புக்ல இல்லம்மா. எனக்குத் தெரியல." தெரியாததைத் தெரியாது என்கிறார், அதனால்தான் இவர் கிளாஸுக்கு வருகிறேன். "என்ன சட்டம் சார்?" "துறைமுகத்த மூடிட்டாங்க. கொட்டின தேயிலைக்குப் பணம் கட்டுற வரைக்கும் ஒரு கப்பலும் உள்ள வரக் கூடாது, வெளிய போகக் கூடாது." "ஊருக்கேவா? கொட்டினது கொஞ்சப் பேருதான சார்?" "ஊருக்கேதான்." "அப்ப ஊர்ல மிச்சப் பேரு அவங்களத் திட்டலையா?" இதைக் கேட்கும்போது என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது, நிரோஷா நிமிர்ந்து பார்த்தாள். "திட்டியிருப்பாங்க, சில பேரு. பணத்தக் கட்டித் தொலைச்சிரலாம்னு சொன்னவங்களும் இருந்தாங்க." "கட்டினாங்களா?" "கட்டல." "கட்டலையா?" "கடைசி வரைக்கும் கட்டல. உக்காரு." உட்கார்ந்தேன். கட்டித் தொலைச்சிரலாம்னு சொன்னவங்க. அவர்களுக்கு ஒரு பெயர் கூடக் கிடையாது, போர்டில் வரவில்லை, கோடு இல்லை. ஆனால் அவர்களை எனக்குத் தெரியும். மீன் வாங்க முடியாமல், கடை மூடிக் கிடக்க, குழந்தையைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்தில் நின்று வெறும் தண்ணீரைப் பார்க்கிற ஒருத்தி, யாரோ ராத்திரி வேஷம் போட்டுக்கொண்டு போய்ச் செய்ததற்கு நான் ஏன்டா என்கிறவள். அம்மா கொட்டினாள். நான் பாஸ்டன். மூடினது என் துறைமுகம். இதை நான் நோட்டில் எழுதவில்லை, எழுதினால் நிரோஷா படிப்பாள். அவர்கள் கோழைகளா என்று சாரிடம் கேட்கலாம் என்று தோன்றியது, கேட்கவில்லை, பதில் ஆமாம் என்று வந்தால் என்ன செய்வது.

பெஞ்ச் நடுங்கியது. போனை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தேன், சாரிடம் கேட்கக்கூட இல்லை, பின்னால் "என்னம்மா" என்று கேட்டது, வராந்தாவுக்கு வந்துவிட்டேன். வராந்தா முழுக்க ஈரம், செருப்பு வழுக்குகிறது. "கிளாஸா?" என்றாள் அம்மா. "வெளிய வந்துட்டேன். சொல்லு." "ஒண்ணுமில்ல. மேனேஜரு யோசிச்சுச் சொல்லுன்னாரு. தங்கப்பன் முன்னாடி ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டா நாளைக்கே வேலைக்கு வரலாமாம். நீ என்ன சொல்ற?" அவள் பக்கம் மழைச் சத்தம், தகரத்தில் விழுகிற மழை, என் பக்கமும் மழை, இரண்டுக்கும் நடுவில் நான் என்ன சொல்வது. இவள் என்னைக் கேட்டதே இல்லை. பத்தாவதில் எந்த குரூப் என்றுகூடக் கேட்டதில்லை, குழம்பில் புளி போதுமா என்றுகூடக் கேட்டதில்லை. மன்னிப்பு கேட்காதே என்று சொல்ல வேண்டும்போல ஒரு நொடி இருந்தது, கட்டல, கடைசி வரைக்கும் கட்டல என்று சார் சொன்னபோது முதுகில் ஏதோ ஏறியது நிஜம், ஆனால் அது கதை கேட்கும்போது ஏறுவது, அது வீட்டு வாடகைக்கு ஆகாது, கிளாஸில் எல்லோரும் கட்டாதவர்கள்தான், மழையில் சாமான் தூக்குகிறபோதுதான் யார் யார் என்று தெரியும். பொய் சொல்ல எனக்கு வராது. "கேட்டுரும்மா" என்றேன். "ம்" என்றாள். "அம்மா?" "ம்." "கேக்குறேல்ல?" "நான் முடியாதுன்னு சொல்லிட்டு வெளிய வந்து அரை மணி நேரம் ஆச்சுடி. நீ என்ன சொல்லுவேன்னு பாத்தேன்." தூணைப் பிடித்துக்கொண்டேன், தூணும் ஈரம். காது சுட்டது. என்னைப் போய்ச் சோதித்தாயா என்று கத்த வேண்டும்போல இருந்தது, பிறகு கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. "எம் மேல கோவமா?" என்றேன். "உம் மேல என்ன கோவம். நீ சொன்னதுதான் சரி. எனக்கு வாய் வரல, அவ்வளவுதான்." "வீடு?" "மாசக் கடைசி வரைக்கும் இருந்துக்கலாமாம். யூனியன்ல லேபர் ஆபீசரப் பாக்கலாங்கறாங்க. பாப்பாங்க." "திருப்பூரா?" "பாப்பம்டி. மொதல்ல சோறு தின்னு. போன வெக்கிறேன்." இந்த இடத்தில் நான் அழ வேண்டும், இந்த வராந்தா இன்னும் எத்தனை நாளைக்கு என்று கண் தானாகத் தூண்களைப் பார்க்கிறது, ஆனால் அதையெல்லாம் தள்ளிக்கொண்டு வேறொன்று முன்னால் வந்து நின்றது, அரிப்பு மாதிரி, அடக்கவே முடியாமல். "வெக்காத, இரு" என்றேன். "மொதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம. உள்ள போனதும் உன்ன உக்காரச் சொன்னாங்களா?"

"எங்க சொன்னாங்க" என்றாள் அம்மா. "நானே ஒரு சேர இழுத்துப் போட்டு உக்காந்தேன்."